பாதையைப் படித்தவர் ஓட்ட வேண்டும்

நிலக்கரி நிரப்பிய 58 வேகன்களை இழுத்துக்கொண்டு மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சரக்கு ரயில், பிரேக் போட்ட இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும். இறக்கமாக இருந்தால் இன்னும் தள்ளிப் போகும். நிலையத்துக்குள் நுழைய அனுமதிக்கும் ஹோம் சிக்னலுக்குக் குறைந்தது 1 கிலோமீட்டர் முன்பாக, அதன் நிலையை முன்கூட்டியே சொல்லும் டிஸ்டன்ட் சிக்னலை நட்டு வைத்திருப்பது இதற்காகத்தான். ஆபத்தைக் கண்ணால் கண்ட பிறகு பிரேக்கைத் தொடுகிற லோகோ பைலட் பெரும்பாலும் தாமதித்துவிட்டவர். வளைவுக்கு அப்பால் என்ன சிக்னல் இருக்கிறது, அது தண்டவாளத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது, அதற்கு முன் ஏற்றமா இறக்கமா என்பதெல்லாம் மனத்தில் பதிந்திருந்தால்தான் அவருடைய கை உரிய நேரத்தில் அசையும்.

இந்த அறிவு இன்ஜின் அறையில், ஓடும் ரயிலில், ஏற்கெனவே தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் கிடைக்கிறது. வகுப்பறை அதற்கு முன்தயாரிப்பு மட்டுமே. அது வந்து சேர்ந்துவிட்டதா என்று சோதிக்கிறவரும் ஓடும் ரயிலில் ஏறித்தான் சோதிக்க வேண்டும். ஆனால் உலகின் பல ரயில்வேக்களில் அதிகம் அலட்சியப்படுத்தப்பட்ட பகுதி இதுதான். பெரும் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: ஓட்டுநரின் தவறு என்று முதல் நாள் அறிவிக்கப்பட்ட பலவற்றின் வேர், அவருக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள், எப்படி மதிப்பிட்டார்கள் என்பதில் போய் நிற்கிறது.

இந்திய ரயில்வேயில் உதவி லோகோ பைலட்டாக நுழைவதற்கான வாசல் கடுமையானதுதான். ஐடிஐ அல்லது டிப்ளமா படித்தவர்கள் இரண்டு கட்டக் கணினித் தேர்வுகளைத் தாண்டிய பிறகு உளத்திறன் தேர்வு எழுத வேண்டும். நினைவாற்றல், கட்டளைகளைப் பின்பற்றும் திறன், தூரத்தை மதிப்பிடும் பார்வை, கவனக் குவிப்பு, கண் பார்த்ததைச் சட்டென்று உணரும் வேகம் ஆகியவற்றை அது அளக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் 42 மதிப்பெண் எடுத்தாக வேண்டும். யாருக்கும் சலுகை இல்லை. கண்ணாடி இல்லாமலே இரு கண்களிலும் முழுப் பார்வை இருக்க வேண்டும். இவை எல்லாம் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கு. ஓட்டுநரை உருவாக்கும் வேலை இதன் பிறகே தொடங்குகிறது.

ஆவடியில் உள்ள மின்சார இன்ஜின் பயிற்சி மையம், திருச்சியில் உள்ள மண்டலப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் விதிகளையும் இயந்திரத்தையும் படித்துவிட்டு வருகிற இளைஞர், பல ஆண்டுகள் பக்கத்து இருக்கையில்தான் உட்காருகிறார். பிறகு யார்டுக்குள் வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங், அடுத்து சரக்கு ரயில், அடுத்து பாசஞ்சர், கடைசியாக மெயில், எக்ஸ்பிரஸ் என்று படிப்படியாக ஏறுகிறார். முதல் ஆண்டுகளின் அந்தப் பக்கத்து இருக்கைதான் அவருடைய உண்மையான பள்ளிக்கூடம். எந்த மூத்தவரோடு அவருக்கு டூட்டி விழுகிறது என்பதைப் பொறுத்து அவர் கற்பதும் மாறுகிறது. பிரேக்கை மென்மையாகப் பிடிப்பவரிடம் பழகியவருக்கும், கடைசி நொடியில் அழுத்திப் பிடிப்பவரிடம் பழகியவருக்கும் உள்ள வேறுபாடு பல ஆண்டுகளுக்குப் பின்னும் மறைவதில்லை.

1976ஆம் ஆண்டின் பொது விதிகள் இந்தப் பள்ளியின் முதல் பாடத்தை விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. தன்னுடைய ரயிலைப் பாதிக்கும் ஒவ்வொரு சிக்னலையும் லோகோ பைலட்டும் உதவியாளரும் கண்ணில் பட்டவுடன் அடையாளம் கண்டு, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சடங்காகத் தோன்றலாம். ஜப்பானில் இதே பழக்கம், விரலால் சுட்டிக்காட்டிச் சொல்லும் முறையாக நூறாண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்திருக்கிறது. அந்நாட்டின் ரயில்வே தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1994இல் இதைச் சோதித்தது. ஒரு எளிய வேலையைச் சும்மா செய்தபோது 100 செயல்களுக்கு 2.38 பிழைகள் நேர்ந்தன. சுட்டிக்காட்டி வாய்விட்டுச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்தன. கண், கை, வாய், காது நான்கையும் ஒரே பொருளின் மீது குவிப்பதால் மனம் அலைபாய இடம் குறைகிறது.

ஆனால் பழக்கம் தேய்ந்துபோகும். சிக்னலைப் பார்க்காமலே “பச்சை” என்று சொல்ல வாய்க்குப் பழகிவிடும். பக்கத்து இருக்கையிலிருந்தும் “பச்சை” என்று பதில் வரும். இருவரும் சொல்லிவிட்டார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. இந்தத் தேய்மானத்தை எந்த எழுத்துத் தேர்வும் கண்டுபிடிக்காது. பக்கத்தில் நின்று பார்க்கிற ஒருவரால்தான் முடியும்.

இரண்டாவது பாடம், பாதை. ஓட்டப்போகும் பகுதியின் இயக்க முறையையும், சிக்னல்கள் நிற்கும் இடங்களையும், உள்ளூர் நிலைமைகளையும் அறியாத லோகோ பைலட், அவற்றை அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. புதிய பகுதியில் டூட்டி ஏற்கும் முன், வேறொருவர் ஓட்டும் ரயிலில் ஏறிப் பாதையைக் கற்கும் பயணங்கள் உண்டு. ஓட்டுநர்கள் பேச்சில் இதற்கு ‘எல்.ஆர்.’ என்று பெயர். வழக்கமாக மூன்று முறை போய்வருகிறார்கள். இரவுப் பயணமும் அதில் உண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் ஒரு பகுதியில் ஓட்டாமல் இருந்துவிட்டால் மறுபடியும் எல்.ஆர். எடுக்க வேண்டும்.

அப்படி என்னதான் கற்கிறார்கள்? மின்கம்பிப் பாதையை எடுத்துக்கொள்வோம். ஒரு துணை மின்நிலையத்தின் எல்லை முடிந்து அடுத்ததன் எல்லை தொடங்கும் இடத்தில், நடுவே ஒரு சிறு துண்டுக்கு மேலே மின்சாரம் இருக்காது. ‘நியூட்ரல் செக்‌ஷன்’ என்பார்கள். 500 மீட்டருக்கு முன்னும் 250 மீட்டருக்கு முன்னும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். லோகோ பைலட் இன்ஜினின் மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு, வந்த வேகத்திலேயே அந்தத் துண்டைக் கடந்து, மறுபக்கம் போய்த் தொடர்பை இணைக்க வேண்டும். அந்த இடம் ஏற்றத்தில் இருந்து, ரயில் கனமாகவும் இருந்து, முன்கூட்டியே வேகத்தைச் சேர்த்துக்கொள்ளாமல் போனால், மின்சாரம் இல்லாத அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். பின்னால் வரும் ரயில்கள் எல்லாம் அடைபடும். பலகை 500 மீட்டருக்கு முன்புதான் சொல்கிறது. பாதையை அறிந்தவர் இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே தயாராகிறார்.

பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் தரப்பட்டதில்லை. அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குக் கடற்காற்றும் பாடத்தின் ஒரு பகுதியாக இருந்தது. மேட்டுப்பாளையம் – குன்னூர் பல்சக்கரப் பாதையில் சரிவு 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் செங்குத்தாகப் போகிறது. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனிப் பிரேக்ஸ்மேன் நிற்கிறார். சென்னை கடற்கரை – தாம்பரம் தடத்தில் வேறு வகைச் சிக்கல்: அடுத்தடுத்துத் தானியங்கிச் சிக்னல்கள், சில நிமிடங்களுக்கு ஒரு நிலையம், நடைமேடை விளிம்பில் நெரிசல். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றில் புதியவர். பதினைந்து ஆண்டு அனுபவம் என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் குறைவு. எந்தப் பாதையில் என்று கேட்க வேண்டும்.

லண்டனில் 1999 அக்டோபர் 5 அன்று காலை நடந்தது இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை. பாடிங்டன் நிலையத்திலிருந்து புறப்பட்ட தேம்ஸ் டிரெய்ன்ஸ் நிறுவனத்தின் உள்ளூர் ரயில், லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் எஸ்.என். 109 என்ற சிக்னலைச் சிவப்பிலேயே கடந்தது. எதிரே செல்ட்டன்ஹாமிலிருந்து வந்த விரைவு ரயிலில் மோதியது. தீப்பிடித்தது. 31 பேர் இறந்தார்கள். உள்ளூர் ரயிலின் ஓட்டுநரும் அவர்களில் ஒருவர். அவர் தகுதிச் சான்று பெற்று இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

லார்ட் கல்லன் தலைமையில் நடந்த விசாரணை, இறந்தவர் மீது பழியைச் சுமத்திவிட்டுப் போகவில்லை. அந்தச் சிக்னலையே முதலில் ஆராய்ந்தது. 1993க்கும் 1999க்கும் இடையில் அதே சிக்னலை எட்டு முறை ரயில்கள் சிவப்பில் கடந்திருந்தன. பல தடங்களுக்கு மேலே நீளும் இரும்புப் பாலத்தில் வரிசையாகப் பல சிக்னல்கள்; அவற்றில் ஒன்று அது. மின்கம்பிச் சாதனங்கள் அதை மறைத்தன. விளக்குகள் அமைந்த வடிவம் வழக்கத்துக்கு மாறானது. காலை வெயில் வேறு அதன் மீது விழுந்தது. அப்படிப்பட்ட ஒரு சிக்னல் இருக்கிறது, அதில் பலர் தவறியிருக்கிறார்கள் என்பது புதிய ஓட்டுநருக்குச் சொல்லப்படவே இல்லை.

ஏன் சொல்லப்படவில்லை என்று தேடியபோது வெளிவந்ததுதான், பயிற்சியைப் பற்றி எழுதுகிற எவரும் மறக்கக் கூடாத செய்தி. அவருக்கு நடைமுறைப் பயிற்சி கொடுத்தவர், வண்டியைக் கையாளக் கற்றுக்கொடுப்பது மட்டுமே தன் வேலை என்றும், பாதையைக் கற்றுக்கொடுப்பது தன் பொறுப்பில் இல்லை என்றும் எண்ணியிருந்தார். பாதையை வேறொருவர் கற்றுக்கொடுத்திருப்பார் என்று அவர் நினைத்தார். சான்றளித்தவர்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று நினைத்தார்கள். பயிற்சியில் இருந்தவர் எல்லாருடைய கைகளையும் கடந்து வந்தார். பாதை ஒருவர் கையிலும் இல்லை. பயிற்சிக் குறைபாட்டுக்காக அந்த நிறுவனம் 2004இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 20 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது.

நன்றாக ஓட்டுகிறவர் நன்றாகக் கற்றுக்கொடுப்பார் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். பல ஆண்டுகள் ஓட்டியவருக்குப் பாதை உடம்போடு ஒட்டிப்போயிருக்கும். எதைப் பார்த்து எப்போது முடிவெடுக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அதை வெளியே கொண்டுவந்து இன்னொருவருக்குச் சொல்வது தனித் திறமை. பிரிட்டனில் இதற்காக ஒரு முறை பழக்கத்துக்கு வந்திருக்கிறது. ஓட்டுகிறவர், தான் காண்பதையும் அடுத்து எதிர்பார்ப்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ‘இரட்டை மஞ்சள், அடுத்தது மஞ்சளாக இருக்கும், நடைமேடை வளைவில் இருப்பதால் வெளியேறும் சிக்னல் தாமதமாகத்தான் தெரியும், இங்கிருந்தே வேகத்தைக் குறைக்கிறேன்’ என்பது போல. பயிற்சியாளர் இப்படி ஓட்டிக் காட்டினால் மாணவருக்குப் பாடம். மாணவர் இப்படி ஓட்டினால் பயிற்சியாளருக்கு அவர் மனம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. கையின் அசைவை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும்போது இது கிடைக்காது. நம் சிக்னல் சொல்லும் விதியில் இதற்கான விதை ஏற்கெனவே இருக்கிறது. நிறத்தோடு நிறுத்தாமல், அடுத்து என்ன எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்கினால் போதும்.

இந்தியாவில் மதிப்பிடும் பொறுப்பு லோகோ இன்ஸ்பெக்டர்களுடையது. அனுபவமுள்ள லோகோ பைலட்டுகளிலிருந்தே இவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவரின் கண்காணிப்பிலும் ஒரு குழு லோகோ பைலட்டுகள் இருப்பார்கள். அவர்களோடு இன்ஜினில் ஏறிப் பயணம் செய்வது, பிரேக் பிடிக்கும் முறையையும் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நடந்துகொள்ளும் விதத்தையும் பார்ப்பது, ஏ, பி, சி எனத் தரம் பிரிப்பது, சில சமயம் முன்னறிவிப்பில்லாமல் பாதையோரம் நின்று சோதிக்கும் ‘ஆம்புஷ் செக்’ நடத்துவது எல்லாம் அவர்கள் வேலை. இன்ஜினின் வேகப்பதிவுக் கருவியிலிருந்து எடுத்த தரவுகளையும் ஆராய்கிறார்கள்.

அமைப்பு என்ற அளவில் இது நல்ல அமைப்பு என்பதே என் கணிப்பு. தன் தொழிலைச் செய்துவந்த ஒருவரே தன்னை மதிப்பிடுகிறார் என்பதில் ஓட்டுநருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கூடவே ஏறி வருவதிலும், பதிவைப் பார்ப்பதிலும் தனித்தனிப் பயன் உண்டு. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போது எல்லாரும் பரீட்சை எழுதுகிறவர் போலத்தான் ஓட்டுவார்கள். யாரும் பார்க்காத நள்ளிரவில் ஒருவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பதிவுதான் காட்டும். ஆனால் பதிவு எண்களை மட்டுமே தரும். 40இல் போக வேண்டிய இடத்தில் 46இல் போனார் என்று அது சொல்லும். ஏன் என்று சொல்லாது. களைப்பா, பலகை செடியில் மறைந்திருந்ததா, வேகக் கட்டுப்பாடுகளை எழுதித் தரும் காஷன் ஆர்டரில் கிலோமீட்டர் எண் தெளிவில்லாமல் இருந்ததா? அதைத் தெரிந்துகொள்ள மனிதரோடு பேச வேண்டும். அவர் மனம் திறந்து பேசவும் வேண்டும்.

மனம் திறந்து பேசினால் என்ன ஆகும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிவப்பைக் கடந்த ஒரு லோகோ பைலட் இங்கே வேலையையே இழக்க நேரலாம். சிறிய தவறுகளும் விளக்கக் கடிதத்தில் தொடங்கிக் குற்றப்பத்திரிகை வரை போகலாம். ஆகவே ‘அந்தச் சிக்னலைப் போன வாரம் நானும் தவறவிடப் பார்த்தேன்’ என்ற, ஆயிரம் உயிரைக் காக்கக்கூடிய வாக்கியத்தை எவரும் தன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லமாட்டார்.

இந்த அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் அமகாசாகியே சாட்சி. 2005 ஏப்ரல் 25 காலை, ஜே.ஆர். வெஸ்ட் நிறுவனத்தின் ஒரு ரயில், 70 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் 116 கிலோமீட்டர் வேகத்தில் புகுந்து, தடம்புரண்டு, அடுக்குமாடிக் குடியிருப்பில் மோதியது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். 562 பேர் காயமடைந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23. ஓட்டத் தொடங்கிப் பதினோரு மாதம்.

வளைவுக்குச் சில நிமிடங்கள் முன்பு இட்டாமி நிலையத்தில் அவர் நிற்க வேண்டிய இடத்தை 72 மீட்டர் தாண்டிப் போய், பின்னுக்கு வந்து நிறுத்தியிருந்தார். வண்டி ஒன்றரை நிமிடம் அளவுக்குத் தாமதம். தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டார். கண்டக்டர் கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் 8 மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உரையாடலில் ஓட்டுநரின் கவனம் போயிருக்கக்கூடும், அதனாலேயே பிரேக் போடுவது தாமதமாகியிருக்கும் என்பது விபத்து விசாரணை ஆணையத்தின் முடிவு.

ஏன் அவ்வளவு பதற்றம்? அதற்கு முந்தைய ஆண்டு இதேபோல் ஒரு நிலையத்தைத் தாண்டி நிறுத்தியதற்காக அவரை 13 நாள் ‘மறுபயிற்சி’க்கு அனுப்பியிருந்தார்கள். பெயர்தான் பயிற்சி. அந்த நிறுவனத்தில் அந்நாட்களில் அதன் உள்ளடக்கம் திரும்பத் திரும்ப வருத்தக் கடிதம் எழுதுவது, விதிப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவது, மேலதிகாரிகளின் ஏச்சைக் கேட்பது, களை பிடுங்குவது, துப்புரவு செய்வது. பிரேக்கை எப்படிச் சரியாகப் பிடிப்பது என்று யாரும் ஓடும் வண்டியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு பிழையைத் திருத்த வேண்டிய நாட்களை அவமானப்படுத்துவதற்குச் செலவிட்டார்கள். அடுத்த பிழை நேர்ந்தபோது அவர் மனம் தண்டவாளத்தில் இல்லாமல் அந்த மறுபயிற்சி அறையில் இருந்தது. கூர்மையான பார்வையும் நினைவாற்றலும் உள்ளவரைத் தேடித் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தக் கவனத்தை அச்சத்தால் கெடுப்பது எவ்வளவு பெரிய பிழை!

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. ஸ்காட்லாந்தில் 1996இல் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தினர் உதவியோடு தொடங்கிய ‘சிராஸ்’ என்ற ரகசிய அறிக்கை முறையை லாட்புரோக் குரோவ் விபத்துக்குப் பின் நாடு முழுவதற்கும் விரித்தார்கள். ரயில்வே ஊழியர் எவரும் தன் பெயர் நிர்வாகத்துக்குத் தெரியாமல் பாதுகாப்புக் குறையையோ தப்பிப்போன பிழையையோ தெரிவிக்கலாம். பெறுவது நிறுவனத்துக்கு வெளியே உள்ள அமைப்பு. அந்நாட்டின் ரயில் பாதுகாப்பு வாரியம் கவனம், முடிவெடுத்தல், பிறரோடு பேசிப் பணியாற்றுதல் போன்ற குணங்களை 7 பிரிவுகளில் 26 திறன்களாக வகுத்து, அவற்றையும் பயிற்சிக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஒருவர் ஓட்டும்போது களைப்பை எப்படிக் கவனித்துக்கொள்கிறார், சந்தேகம் வந்தால் சிக்னல் கட்டுப்பாட்டாளரிடம் கேட்கத் தயங்குகிறாரா என்பனவும் மதிப்பீட்டில் இடம்பெறுகின்றன.

கேட்கத் தயங்குவது என்றதும் ரங்காபாணி நினைவுக்கு வருகிறது.

2024 ஜூன் 17 காலை, மேற்கு வங்கத்தின் ரங்காபாணி – சத்தர்ஹாட் இடையே நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு ரயில் மோதியது. பத்துப் பேர் இறந்தார்கள். சரக்கு ரயிலின் லோகோ பைலட்டும் எக்ஸ்பிரஸின் கார்டும் அவர்களில் அடக்கம். சிக்னலை மதிக்காமல் ஓட்டுநர் வந்ததே காரணம் என்று ரயில்வே வாரியத் தரப்பிலிருந்து அன்றே சொன்னார்கள்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை வேறொரு படத்தைக் காட்டியது. அந்தப் பகுதியில் தானியங்கிச் சிக்னல் முறை வந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அன்று அதிகாலையிலிருந்தே சிக்னல்கள் பழுது. பழுதான சிக்னல்களைச் சிவப்பிலும் கடந்து போக அனுமதிக்கும் டி/ஏ 912 என்ற படிவத்தை நிலையத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் கொடுத்தார்கள். எந்த வேகத்தில் போக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நீண்ட நேரப் பழுது என்றால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயிலை மட்டும் அனுப்பும் முறைக்கு மாறி டி/டி 912 என்ற வேறு படிவத்தைத் தந்திருக்க வேண்டும்.

தானியங்கிச் சிக்னல் சிவப்பில் இருந்தால் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்று, பிறகு 15 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் மெல்லப் போக வேண்டும் என்பது பொது விதி. கையில் அனுமதிப் படிவம் இருக்கும்போதும் இதே கட்டுப்பாடு உண்டா? இந்தக் கேள்விக்கு அங்கே ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதில் இருந்தது. அன்று காலை அந்தப் பகுதிக்குள் நுழைந்த ஏழு ரயில்களில் காஞ்சன்ஜங்கா மட்டுமே நின்று நின்று மெல்லப் போனது. மற்ற ஆறும் அப்படிச் செய்யவில்லை. மோதிய சரக்கு ரயிலும் அந்த ஆறில் ஒன்று. எதிரே பெட்டியைக் கண்டதும் அதன் லோகோ பைலட் அவசர பிரேக் போட்டபோது வேகம் 78, மோதும்போது 40. லோகோ பைலட்டுகளுக்கும் நிலைய அதிகாரிகளுக்கும் போதிய பயிற்சியும் அறிவுறுத்தலும் தரப்படாததைச் சுட்டிக்காட்டிய ஆணையர், இது நடக்கக் காத்திருந்த விபத்து என்றே எழுதினார்.

ஏழில் ஆறு பேர் ஒரு விதியை ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டால் அதைத் தனிமனிதரின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. அவர்கள் எல்லாருக்கும் தகுதிச் சான்று உண்டு. சுற்றறிக்கைகளைப் படித்ததாகக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். சான்றும் கையெழுத்தும் இருந்தன, புரிதல் இல்லை. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியது மதிப்பீடு.

பணியிடப் பயிற்சியை எவ்வளவு போற்றினாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் ரங்காபாணி காட்டுகிறது. ஓடும் ரயிலில் அடிக்கடி வருவதை மட்டுமே கற்க முடியும். பழுதான தானியங்கிச் சிக்னல்களை வரிசையாகக் கடக்கும் நிலை ஒருவருக்குப் பல ஆண்டுகளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அது வருகிற நாள்வரை காத்திருந்து கற்க இயலாது. சிமுலேட்டரின் உண்மையான இடம் இதுதான். மூடுபனி, பிரேக் குழாயில் காற்றழுத்தம் இறங்குவது, சிக்னல் பழுது, தவறான படிவம் கையில் தரப்படுவது ஆகியவற்றை அங்கே திரும்பத் திரும்ப உருவாக்கலாம். ‘இந்தப் படிவம் போதாது, வேகம் எழுதித் தாருங்கள்’ என்று நிலைய அதிகாரியிடம் கேட்டு நிறுத்திவைக்கும் துணிவையும் அங்கே பழக்கலாம். பாதையைக் கற்க சிமுலேட்டர் பெரிதும் உதவாது. அரிய நிலைமைகளைக் கற்க இன்ஜின் அறை உதவாது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டிவிட்டு இரண்டையும் முடித்ததாகக் கணக்குக் காட்டுவதே இப்போது நடக்கும் தவறு.

‘கவச்’ வந்துவிட்டால் இதெல்லாம் தேவைப்படாதே என்று சிலர் கேட்கிறார்கள். சிவப்பைக் கடக்கும் ரயிலைத் தானே நிறுத்தும் அந்தப் பாதுகாப்பு முறை அவசியமானது. காஞ்சன்ஜங்கா விசாரணையும் அதை முன்னுரிமையோடு நிறுவச் சொன்னது. ஆனால் நாட்டின் பாதைகளில் பெரும்பகுதிக்கு அது போய்ச் சேர இன்னும் காலமாகும். போய்ச் சேர்ந்த இடத்திலும் மனிதரின் பயிற்சிச் சுமை கூடுமே தவிர குறையாது. கவச் இருக்கும் பாதையிலிருந்து இல்லாத பாதைக்கு மாறும்போதும், கவச் பழுதாகும்போதும் என்ன செய்வது என்பது புதிதாகக் கற்க வேண்டிய பாடம். இப்போதே ஒரு நிமிடம் எந்த விசையையும் தொடாவிட்டால் விளக்கும் ஒலியும் எழுப்பி, அதற்கும் அசையாவிட்டால் பிரேக் போட்டுவிடும் கருவி இன்ஜின்களில் உண்டு. ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று அது காட்டும். அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று காட்டாது. இன்ஜின் அறையில் குரலையும் காட்சியையும் பதியும் கருவிகளைப் பொருத்துவதை லோகோ பைலட் சங்கங்கள் எதிர்க்கின்றன. பதிவு பயிற்சிக்கா, தண்டனைக்கா என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது.

நல்ல பயிற்சி பலன் தருகிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நிகழ்வு உண்டு. 2024 அக்டோபர் 11 இரவு, மைசூரு – தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரப்பேட்டை நிலையத்தில் நேர்தடத்துக்கான சிக்னலைப் பெற்று வந்தது. திடீரென்று கிளைத்தடத்துக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, ஒரு பெட்டி எரிந்தது, பலர் காயமடைந்தார்கள், ஒருவரும் இறக்கவில்லை. சிக்னல் சொன்னதற்கு மாறாக வண்டி ஆடித் திரும்பிய அந்தக் கணத்திலேயே லோகோ பைலட் அவசர பிரேக் போட்டுவிட்டார். அதற்காக அவருக்கு ரயில்வேயின் உயரிய விருதும் கிடைத்தது. அந்த ஒரு கணத்துக்கான அனிச்சை பல ஆண்டுகளாக இன்ஜின் அறையில் சேர்ந்தது.

2024 ஜனவரியில் உதவி லோகோ பைலட் பணிக்கு 5,696 இடங்கள் அறிவிக்கப்பட்டன. ரங்காபாணி விபத்து நடந்த சில நாட்களுக்குள் அது 18,799 ஆக உயர்த்தப்பட்டது. ஆள் பற்றாக்குறையால் ஓய்வின்றி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது தேவையான நிவாரணம். ஆனால் இவ்வளவு பேருக்கும் பக்கத்து இருக்கையிலிருந்து கற்றுக்கொடுக்கப் போகிறவர்கள் யார், அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தெரியுமா, அதற்கு நேரம் இருக்கிறதா என்பது பற்றி அறிவிப்புகளில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்று காரியங்களை ரயில்வே வாரியம் பெரிய செலவில்லாமல் செய்யலாம். எல்.ஆர். பயணங்கள் முடிந்ததும் ‘பாதை எனக்குத் தெரியும்’ என்று லோகோ பைலட் எழுதித் தருவதோடு நிறுத்தாமல், ஒரு இன்ஸ்பெக்டர் அவரோடு ஏறி, ஒவ்வொரு சிக்னலும் கண்ணில் படுவதற்கு முன்பே அது எங்கே இருக்கிறது, ஏன் கடினமானது என்று அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும்; முன்பு பலர் தவறிய சிக்னல்களின் பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். லோகோ இன்ஸ்பெக்டரின் மேசை வேலைகளைக் குறைத்து, அவருடைய நாட்களை இன்ஜின் அறைக்குத் திருப்பித் தர வேண்டும்; இன்ஜினில் ஏறிப் பார்த்து அவர் எழுதும் பயிற்சிக் குறிப்பு எந்த ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பிலும் சேராது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். நிர்வாகத்துக்கு வெளியே இயங்கும் ரகசிய அறிக்கை முறை ஒன்றைத் தொடங்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஓட்டுநர் இருக்கைக்கு மாறுவதற்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் இதைச் செய்யுங்கள்.